சால்வை வேண்டாம் என்கிறார்கள். வேறு எதைத்தான் காட்டுவது?

ஓசூர் மின்கடை எழுதியது:

வணக்கம். நான் ஆசிரியர் இல்லை. ஓசூரில் வயர், சுவிட்ச், பம்ப் செட் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியையாக 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய தோழிகளும் தொடங்கிய ஒரு சிறு வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு என் தலையில் விழுந்தது. அதைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன்.

தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் புதிதாகப் பணியில் சேரும் இடைநிலை ஆசிரியர்களில் பலர் தெற்கத்திக்காரர்கள். தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். இறங்கிய மறுநாளே ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகள். கல்வி உரிமைச் சட்டக் கணக்கில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டே ஆசிரியர்கள்தான். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் புதியவர் தனி ஆள். போதாக்குறைக்குப் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இணைத்துவிடுகிறோம். வாரம் ஒரு முறை போனில் பேசுவார்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்காவது சந்தித்துக்கொள்வார்கள். சங்கம், பதிவு எண், பலகை எதுவும் கிடையாது. இப்போதைக்குப் பெரியவர்கள் 14 பேர், புதியவர்கள் 23 பேர்.

பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதுதான் என் கவலை. சண்டை எதுவும் இல்லை. "பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் தம்பி", "கண் சரியில்லை தம்பி" என்று சொல்லி விலகிக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

போன ஏப்ரலில் ஒரு கூட்டம் போட்டேன். எல்லாருக்கும் சால்வை, ஒரு கேடயம், மதியம் சாப்பாடு. திரை கட்டிக் கணக்குக் காட்டினேன்: இந்த ஆண்டு இத்தனை போன் அழைப்புகள், இத்தனை மணி நேரம், இத்தனை சந்திப்புகள். வண்ண வண்ணமாகக் கட்டங்கள் வேறு. கைதட்டினார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் 71 வயது டீச்சர் ஒருவர் என்னை நிறுத்தி, ஈரக்கையோடு கேட்டார்: "தம்பி, அந்த மூன்றாம் வகுப்புப் பையன், அ, ஆ வரிசையாகச் சொல்வான், கலைத்துப் போட்டால் ஒரு எழுத்தும் தெரியாது என்று அந்தப் பெண் அழுதாளே, அவன் படித்தானா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பையனுக்காக ஐந்து வாரம் போனில் பேசியிருக்கிறார். நான் அந்த ஐந்தையும் கூட்டல் கணக்கில் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கடையில் ஒரு பம்ப் விற்றால் தண்ணீர் வந்ததா இல்லையா என்று வாங்கியவரே வந்து சொல்லிவிடுவார். வரவில்லை என்றால் இன்னும் சீக்கிரமாக வந்து சொல்வார். இங்கே அந்தத் தகவல் திரும்பி வருவதே இல்லை. அதைத் திரும்ப வரவழைப்பது எப்படி? புதியவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செயலியிலும் பதிவேட்டிலும் அவர்கள் ஏற்கெனவே எழுதித் தள்ளுகிறார்கள். பிள்ளைகளின் படத்தை எடுத்துப் போடுவதும் எனக்குப் பிடிக்காது. இதை யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

தம்பி, நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களைப் போலவே எங்களிடமும் ஒரு சிறு கூட்டம் உண்டு. முதலில் சால்வை விஷயத்தை முடித்துவிடுகிறேன். என் பீரோவில் 11 சால்வைகள் இருக்கின்றன. ஒன்றைக் கிரைண்டருக்கு உறையாகத் தைத்துவிட்டேன்.

அந்த டீச்சர் கேட்ட கேள்வியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியது பாராட்டு இல்லை. நாங்கள் சொன்னது அந்த வகுப்பறைக்குள் போனதா, போய் என்ன ஆயிற்று என்பதுதான். 30 வருடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தே "புரிந்துவிட்டது", "புரியவில்லை" என்று தெரிந்துகொண்டவர்கள் நாங்கள். போனில் "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று மட்டும் கேட்டால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். எனக்குக் கொடுத்த பெண் நான்காம் வகுப்பு எடுப்பவள். 52-இலிருந்து 27 போனால் எவ்வளவு என்றால் பாதி வகுப்பு 35 என்று எழுதுகிறது என்றாள். அது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பிள்ளை பார்ப்பதில்லை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும். "ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டு. ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடு. ஏழு கேள். தர முடியாது. ஒரு கட்டை அவர்களே பிரிக்கட்டும்" என்று சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அவள் போன் செய்தாள். "டீச்சர், ஈர்க்குச்சி சரிப்படவில்லை. சின்னப் பிள்ளைகள் கட்டைப் பிரித்து விளையாடித் தரையெல்லாம் குச்சி. நான் பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய்க் காசும் அட்டையில் செய்து கடை வைத்தேன். 'சில்லறை இல்லை, மாற்றிக்கொண்டு வா' என்றால் அவர்களே பத்தை மாற்றுகிறார்கள்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டாள்! ஆனால் செய்து பார்த்த பிறகுதான் போட்டாள். எந்த இடத்தில் பிடி வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு தன் கையால் வேறொன்று செய்திருக்கிறாள். ஆகவே நல்ல சேதியை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு வராதீர்கள். "நீங்கள் சொன்னது பலிக்கவில்லை" என்பதும் எங்களுக்கு வர வேண்டிய பாக்கிதான்.

நேர்வழி எழுதியது:

தொண்டு என்று வந்த பிறகு பலன் என்ன என்று கேட்பது சரியா? கொடுத்தோம், போனோம் என்று இருப்பவர்தான் உண்மையான தன்னார்வலர். இது என் கருத்து.

ஓசூர் மின்கடை எழுதியது:

ஐயா, அந்த டீச்சர் தனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. பையன் படித்தானா என்று கேட்டார். இரண்டும் வேறு.

மணப்பாட்டுக் காற்று எழுதியது:

நான் புதிய ஆசிரியர்கள் பக்கத்து ஆள். தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் இது மூன்றாவது ஆண்டு. எங்களுக்கும் இப்படி ஒரு பெரியவர் வாய்த்தார், உங்கள் குழு அல்ல. எனவே நாங்கள் ஏன் திரும்பச் சொல்வதில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

சேர்ந்த முதல் வாரம். இரண்டாம் வகுப்பு. ஒரு சிறுமியைக் கரும்பலகைக்கு வந்து எழுதச் சொன்னேன். "பேடா" என்றாள். இன்னொரு முறை கூப்பிட்டேன். "பேடா சார், பேடா." இனிப்பு கேட்கிறாள் என்று நினைத்து, "எழுதினால் நாளைக்கு வாங்கித் தருகிறேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் அழுதுவிட்டாள். கன்னடத்தில் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் ஒருவன் "நீள்ளு, நீள்ளு" என்று இழுத்தான். அவன் தெலுங்குப் பையன், தண்ணீர் கேட்கிறான். எனக்குத் தெரிய மதியம் ஆயிற்று.

எனக்குக் கிடைத்த பெரியவர் மூன்று மொழியும் பேசுவார். போனிலேயே 30 சொற்கள் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். தண்ணீர், வயிற்று வலி, வேண்டாம், பயமாக இருக்கிறது, அம்மா ஊரில் இல்லை, சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். இந்த வகைச் சொற்கள். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். ஒரு மாதத்தில் அந்தத் தாளைப் பார்க்கும் தேவை போய்விட்டது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஆசிரியை அதைப் பார்த்துத்தான் சமாளிக்கிறார்.

இதில் எதையும் அந்தப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. ஏன்? வெட்கம்தான். "பேடா" கதையைச் சொன்னால் என்னை என்ன நினைப்பார்? அடுத்தது பயம். நான் வகுப்பைப் பற்றிச் சொல்வது எந்த வழியிலாவது தலைமையாசிரியர் காதுக்குப் போய்விடுமோ என்று. முன்பின் தெரியாத ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்று எப்படித் தெரியும்? அப்புறம் நேரம். மாலை நான்கரைக்குப் பள்ளியிலிருந்து கிளம்பினால் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பணிமாறுதல் கலந்தாய்வில் ஊர்ப்பக்கம் கிடைத்துவிட்டால் நாங்கள் சொல்லாமல் போய்விடுகிறோம். "இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஓடிவிட்டானே" என்று அவர் நினைப்பார் என்ற கூச்சம். என் நண்பன் ஒருவன் அப்படித்தான் போனான். அங்கே விருதுநகர்ப் பள்ளியில் இப்போது இந்திக்காரப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், வேலைக்கு வந்த குடும்பங்கள். அவன் அதே மாதிரி 30 சொற்கள் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறான். இதை அந்தப் பெரியவருக்கு யார் சொல்வது?

படிவம் கொடுக்காதீர்கள். நீங்களே மாதம் ஒரு முறை போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாதம் கேட்டதில் எதைச் செய்து பார்த்தீர்கள்?" பஸ்ஸுக்கு நிற்கும்போது பதில் சொல்லிவிடுவோம். தலைமையாசிரியருக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கருப்பூர்ப் பயிற்றுநர் எழுதியது:

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். சொந்தப் பொறுப்பில் எழுதுகிறேன்.

மின்கடை அண்ணாச்சிக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளின் மதிப்பெண்ணையோ நிலையையோ எடுத்துப் பெரியவர்களிடம் "இது உங்களால் வந்தது" என்று காட்ட ஆசை வரும். வேண்டாம். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கிறோம். ஒரு பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஆசிரியர் இருக்கிறார், பயிற்சி நூல் இருக்கிறது, காலை உணவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறது, ஆறு மாதம் வயது கூடியது இருக்கிறது. இதில் வாரத்துக்கு இருபது நிமிடப் போன் பேச்சுக்கு எத்தனை பங்கு என்று யாராலும் பிரிக்க முடியாது. பிரித்துச் சொன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களே முதலில் நம்ப மாட்டார்கள். அந்தப் பையனுக்காக உழைத்த பெண்ணுடைய பெயரையும் நீங்கள் பறித்தது போல ஆகும்.

இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021-இல் தொடங்கியபோது தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளோடு நேரே உட்கார்ந்தார்கள். போன வாரம் திக்கியவன் இந்த வாரம் படிப்பதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். யாரும் அவர்களுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. உங்கள் பெரியவர்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஓர் ஆள் இருக்கிறார். ஆகவே அந்த நடு ஆளிடம் என்ன மாறியது என்று பாருங்கள்.

அதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். புதியவர்கள் கேட்கும் கேள்விகளைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், பதில்கள் வேண்டாம். ஜூன், ஜூலையில் கேட்பது என்னவாக இருக்கும்? முதல் சம்பளம் எப்போது வரும், தற்செயல் விடுப்புக்கு யாரிடம் எழுத வேண்டும், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், அடிக்கவும் கூடாது, என்ன செய்வது. அக்டோபர் வாக்கில் கேள்வி மாறும்: மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்கார வைத்தால் எந்த வகுப்பை முதலில் தொடங்குவது? பிப்ரவரியில் "இந்த ஒரு பிள்ளை மட்டும் ர, ற மாற்றி எழுதுகிறாள், கேட்பதில் கோளாறா, எழுதுவதில் கோளாறா?" என்று கேட்டால், அவர் ஆசிரியர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். நான் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இதைத்தான் காதில் வாங்கிக்கொண்டு இருப்பேன். ஒருவருடைய கேள்விகளை மட்டும் ஜூனிலிருந்து பிப்ரவரி வரை வரிசையாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வண்ணக் கட்டங்களைவிட அது பேசும்.

சில பேர் ஜூன் கேள்வியையே பிப்ரவரியிலும் கேட்பார்கள். அதையும் மறைக்காதீர்கள். அங்கே பெரியவரை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அப்புறம், பெரியவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப்போய்க் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி இல்லாமல் போக வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் பாதி வகுப்பில் போய் உட்காராதீர்கள். புதியவருக்குக் கை நடுங்கும்.

பழைய சாக்பீஸ் எழுதியது:

கை நடுங்கும் என்பது முற்றிலும் உண்மை. எனக்கு ஓய்வு பெறும் ஆண்டில்கூட ஆய்வுக்கு ஆள் வந்தால் சாக்பீஸ் ஒடியும்.

ஓசூர் மின்கடை எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் நான் குறை சொன்ன ஆட்களில் நானும் ஒருவன் ஆகிவிடுவேன்.

கடையில் கடன் எழுதும் நீள நோட்டில் புதிதாக ஒன்று எடுத்தேன். புதியவர் ஒவ்வொருவருக்கும் நான்கு பக்கம். இடப்பக்கம் அவர் கேட்டது, தேதியோடு. வலப்பக்கம் செய்து பார்த்தாரா, என்ன ஆயிற்று. பெயரை எழுதவில்லை, எண்தான். கடைப் பையன்கள் கையில் பட்டாலும் தெரியக் கூடாது. சனிக்கிழமை மதியம் வியாபாரம் மந்தம். அந்த நேரத்தில் ஐந்தாறு பேருக்குப் போன் செய்து, மணப்பாட்டுக் காற்று சொன்ன அதே ஒரு கேள்வியைக் கேட்டு எழுதினேன். பாதிப் பேர் "இன்னும் செய்யவில்லை" என்றார்கள். எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தந்தப் பெரியவருக்குப் படித்துக் காட்டுவேன். மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால் என் கணக்கு தப்பியது: மூன்று நிமிடத்தில் வைக்க விட மாட்டேன் என்கிறார்கள். "செய்து பார்க்கவில்லையா? ஏன்? ஓ, சத்துணவுக் கணக்கும் அவள்தான் எழுதுகிறாளா? அப்படியானால் நான் கொடுத்தது அவளுக்கு அதிகம்" என்று தாமே குறைத்துக்கொள்கிறார் ஒருவர். பேரனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விலகிய சார், தனக்கு எந்த எண் என்று கேட்டுத் திரும்ப வந்திருக்கிறார். பேரன் இப்போதும் இருக்கிறான். 9-ஆம் எண் மட்டும் போனை எடுப்பதே இல்லை. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் விளங்கவில்லை.

ஈரக்கையோடு கேட்ட டீச்சருடைய விஷயம். அவருக்குரிய பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். டீச்சர் அவளுக்குச் சொன்னது இதுதான்: அ, ஆ வரிசையை மூடி வை, ட, ப, ம மூன்றை மட்டும் அட்டையில் எழுது, பையனே அவற்றைக் கலைக்கட்டும், பிறகு புள்ளி வைத்த ம், ட் இரண்டையும் சேர், படம், மடம், பட்டம் என்று சொல் தானாக வரும். அவள் செய்திருக்கிறாள். மூன்றாவது வாரம் பையன் "படம்" என்று படித்தானாம். அடுத்த மாதம் அப்பா, அம்மாவோடு பெங்களூருக்குப் போய்விட்டான், கட்டட வேலைக்கு. அங்கே எந்தப் பள்ளியில் சேர்ந்தான், சேர்ந்தானா என்று அவளுக்குத் தெரியாது. அந்த அட்டைகளை வைத்து இப்போது வேறு இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். டீச்சரிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார்கள் என்றாள்.

சொல்லாமல் இருக்க முடியுமா? நேரில் போய்ச் சொன்னேன். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாசலில் காய்ந்த வற்றல் தட்டை உள்ளே எடுத்து வைத்தார். திரும்ப வந்து, "அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாயா?" என்று கேட்டார். போனில் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார்.

"ம வளைவைப் பார், இப்படிச் சின்னதாக எழுதினால் பிள்ளை ய என்று படித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவளை இங்கே வரச் சொல். ஸ்கெட்ச் பேனா நான் வாங்கி வைக்கிறேன்" என்றார்.